கையைத் தூக்க முடியவில்லை



செஞ்சிக்கு வந்து போயிருக்கிறவர்களுக்கு ராஜகிரி நினைவிருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாராவது ஒருவர் கையை நீட்டி, "அதோ, அதுதான் கோட்டை" என்று காட்டுவார். எங்கள் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் வராந்தாவிலிருந்தும் அந்த மலை தெரிகிறது. காலை ஏழரை மணிக்கே வந்து சீட்டுப் பதிந்துவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில், தினமும் மூன்று நான்கு பேராவது, அந்த மலையைக் கை நீட்டிக் காட்ட முடியாதவர்கள். கை தோள்மட்டத்துக்கு மேலே வராது. வந்தாலும் உயிர் போகிற நோவு.

உங்களுக்கு நாங்கள் அனுப்பும் மடல்களில் பிரசவங்கள் வரும், பாம்புக்கடி வரும், கண்புரை அறுவைச் சிகிச்சை வரும். கை வலி வந்ததில்லை. அதில் எழுத என்ன இருக்கிறது என்று நாங்களே நினைத்திருந்தோம். தோள் வலியால் யாரும் சாவதில்லை என்பதும் எங்கள் எண்ணமாக இருந்தது. அது எவ்வளவு தவறு என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

போன வருஷம் கார்த்திகை மாதத்தில் ஓர் அம்மா வந்தார். பெயரும் ஊரும் வேண்டாம். மேல்மலையனூர் போகும் வழியில் ஒரு கிராமம், வயது 52 என்பது போதும். நடவுக்கும் மல்லாட்டை பிடுங்கவும் கூலிக்குப் போகிறவர். சித்திரையில் மல்லாட்டை வேலை முடிந்த கையோடு வலது தோளில் ஒரு குத்தல் தொடங்கியிருக்கிறது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவினார்கள். உருவியவர் கையை முறுக்கி இழுத்ததில் இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. பிறகு வாயு என்றார்கள். பூண்டும் பெருங்காயமும் ஆயிற்று. பிறகு கடையில் சொல்லி வாங்கிய செட் மாத்திரை. தின்ற அன்று வலி குறையும், மறுநாள் வயிறு எரியும். எலும்பு கட்டுகிறவர் ஒருவர் கையை மார்போடு சேர்த்து இருபது நாள் கட்டிப்போட்டார். அவிழ்த்தபோது கை இன்னும் இறுகிப் போயிருந்தது. பக்கவாதத்தின் ஆரம்பம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்தப் பயத்தில் கம்மலை அடகு வைத்துக் கழுத்துக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அதில் "டிஸ்க் பிதுங்கியிருக்கிறது" என்று வந்தது. இப்போது பயம் இரண்டாயிற்று.

"என்னம்மா செய்யுது?" என்று கேட்டோம்.

"கொண்ட போட முடியலீங்க ஐயா. எட்டு மாசமா மருமவதான் போட்டு உடுறா. அவளுக்கும் அலுத்துப் போச்சு" என்றார். சிறிது நேரம் கழித்து, "இது என்னா நோவுன்னு ஒருத்தரும் பேர் சொல்லலீங்களே" என்று அழுதார்.

இதைக் கேட்டபோது எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம். ஏனென்றால் இதே நோவு அதற்கு மூன்று வருஷம் முன்பு எங்களுக்கே வந்தது. (நாங்கள் என்று எழுதுவது இந்தப் பக்கத்தின் வழக்கம், தோள் என்னவோ ஒன்றுதான்.) ஆராதனையின் முடிவில் ஆசீர்வாதம் கூற இரண்டு கைகளையும் உயர்த்த வேண்டும். ஒரு ஞாயிறு, இடக்கை உயர்ந்தது, வலக்கை பாதியில் நின்றுவிட்டது. அதன்பின் அங்கி மாட்டுவது பெரும் பாடாயிற்று. இராத்திரியில் அந்தப் பக்கம் புரண்டால் விழிப்புத் தட்டிவிடும். மருத்துவர்கள் நடுவிலேயே வாழ்கிற நாங்கள் ஐந்து மாதம் யாரிடமும் காட்டவில்லை. வயதாகிவிட்டது, தைலம் போதும் என்று இருந்துவிட்டோம். கோயில்பிள்ளைதான் ஒருநாள், "யாத்திராகமத்துல மோசேக்கு ஆரோனும் ஊரும் கையைத் தாங்கினாங்களே, நாங்க ரெண்டு பேரு வந்து நிக்கட்டுமா ஐயா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் சொன்னது டாக்டர் அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

சட்டை சுருங்கினது போல

டாக்டர் அம்மா செய்த பரிசோதனை இரண்டு நிமிஷம்தான். முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்கச் சொன்னார். முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொன்னார். இடக்கை தாராளமாகத் திரும்பியது. வலக்கை தாழ்ப்பாள் போட்ட கதவு போல நின்றது. பிறகு அவரே பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் அதே இடத்தில் நின்றது. அந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம் என்று விளக்கினார். தசையோ தசைநாரோ பழுதுபட்டிருந்தால் நாமாகத் தூக்க முடியாது, ஆனால் வேறொருவர் தூக்கிவிட்டால் கை மேலே வரும். நாம் தூக்கினாலும் பிறர் தூக்கினாலும் கை ஒரே இடத்தில் நின்றுபோனால் மூட்டே இறுகிவிட்டது என்று பொருள். இதைத்தான் உறைந்த தோள் என்கிறார்கள்.

தோள்மூட்டு ஒரு வினோதமான மூட்டு. இடுப்பில் இருப்பது போல ஆழமான கிண்ணம் இங்கே இல்லை. ஆழமில்லாத ஒரு தட்டின்மேல் ஓர் உருண்டை உட்கார்ந்திருக்கிறது. கை எல்லாத் திசையிலும் சுழல வேண்டும் என்பதற்காக அப்படி. அதைச் சுற்றிலும் மெல்லிய உறை ஒன்று, ஜிப்பாவின் அக்குள் போலத் தொளதொளவென்று இருக்கிறது. உறைந்த தோளில் அந்த உறை அழன்று, தடித்து, துவைத்த ஜிப்பா சுருங்கினது போலச் சுருங்கிவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும் தெரிவதால் படம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். "படத்தில் ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், வீட்டில் "வேலைக்குச் சோம்பல்" என்ற பேச்சையும் கேட்கிறார்கள். உறைந்த தோள் என்ற பெயரை 1934இல் வைத்தவர் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். பெயர் வைத்த அவரே இதை விளக்குவது கடினம் என்று ஒப்புக்கொண்டார். பெரும்பாலும் 40 வயதுக்கும் 60க்கும் நடுவில், ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது.

அந்த அம்மாவின் தோளும் அதே மாதிரி நின்றது. உடனே டாக்டர் அம்மா கேட்டது ஸ்கேன் படத்தை அல்ல, சர்க்கரைப் பரிசோதனையை. இரத்தத்தில் சர்க்கரை 312 இருந்தது. தனக்குச் சர்க்கரை இருப்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. நீரிழிவு இல்லாதவர்களில் 100 பேருக்கு 2 முதல் 5 பேருக்கு உறைந்த தோள் வரலாம் என்றால், நீரிழிவு உள்ளவர்களில் 10 முதல் 20 பேருக்கு வருகிறது. கூடுதலான சர்க்கரை மூட்டு உறையின் நார்களோடு ஒட்டி அவற்றை விறைப்பாக்குகிறது என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி என்றது. தமிழ்நாட்டின் விகிதம் நாட்டின் சராசரியைவிட அதிகம். கிராமத்தில் சர்க்கரை இருப்பதை ஒருவருக்கு முதலில் தெரிவிப்பது சில வேளை காலில் ஆறாத புண். சில வேளை இப்படித் தூக்க முடியாத கை.

"வாதம் இல்லையா டாக்டரம்மா?" என்று அவர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் "இல்லம்மா" என்ற பதில் வந்தது. இது நீளமான நோவு, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகும், சிலருக்கு மூன்று வருஷம்கூட ஆகலாம், ஆனால் பெரும்பாலோருக்குக் கை திரும்பி வரும், கொஞ்சம் இறுக்கம் மீதி இருக்கலாம் என்று டாக்டர் அம்மா ஒளிக்காமல் சொன்னார். இரண்டு வருஷம் என்று கேட்டால் யாரும் மனமொடிந்து போவார்கள் என்றுதான் நினைப்போம். அவர் முகம் தெளிந்தது. பெயர் தெரிந்த நோவோடு இரண்டு வருஷம் இருப்பது, பெயர் தெரியாத நோவோடு எட்டு மாதம் இருந்ததைவிட லேசானது என்பதை வார்டில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

கழுத்து ஸ்கேனில் வந்த "பிதுங்கல்"? அதைப் பற்றி ஒரு வார்த்தை. தலை நரைப்பது போல, வயதாக ஆகக் கழுத்தின் டிஸ்க்குகளும் தேய்ந்து பிதுங்குகின்றன. ஒரு வலியும் இல்லாதவர்களைப் பிடித்து ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு அப்படித் தெரியும். படத்தில் இருக்கிறது என்பதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகாது. இறையியல் கல்லூரியில் எங்களுக்கு முதல் வருஷத்திலேயே தலையில் குட்டிச் சொல்லித்தந்த பாடம் ஒன்று: முன்னும் பின்னும் வாசியாமல் ஒரு வசனத்துக்கு அர்த்தம் சொல்லாதே. வைத்தியத்திலும் இதே பாடம் இருப்பதை இந்த வயதில்தான் கண்டுகொண்டோம். எப்போது தொடங்கியது, எந்த விரல் வரை இறங்குகிறது, இராத்திரியில் எப்படி, இருமினால் எப்படி, நடந்தால் எப்படி என்ற கேள்விகள்தான் வலிக்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்கள்.

தலையில் கை

கழுத்திலிருந்தே வருகிற கை வலியும் உண்டு, மறுக்கவில்லை. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டை தூக்குகிற ஒருவர், வயது 44, தன் மனைவியோடு வந்திருந்தார். வராந்தாவில் வலக்கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம் ஊரில் தலையில் கை வைத்து உட்கார்ந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். மனைவி கையைத் தட்டித் தட்டி இறக்கிவிட, அவர் மறுபடியும் மறுபடியும் அங்கேயே கொண்டுபோனார். "வீட்லயும் இதே கதைதான் ஐயா, என்னா துக்கம் வந்திச்சின்னு கேட்டா பதிலே இல்ல" என்று அந்தப் பெண் எங்களிடம் முறையிட்டார்.

உள்ளே போனபோது டாக்டர் அம்மா அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "அப்படி வெச்சா வலி கொறையுதா?" என்பதுதான். "ஆமாம்மா, அப்பதான் கொஞ்சம் தூக்கமே வருது" என்றார் அவர். கழுத்தெலும்புகளின் நடுவிலிருந்து கைக்கு வரும் நரம்பு அங்கே நெரிபடும்போது, கையைத் தொங்கவிட்டால் நரம்பு இழுபடுகிறது. தலைமேல் வைத்தால் தளர்கிறது. உறைந்த தோள்காரருக்குக் கை தலைக்கே போகாது. இவருக்குத் தலையில் வைத்தால்தான் சுகம். நரம்பு எது என்பதை விரலே சொல்லிவிடும். கட்டைவிரல் மரத்தால் கழுத்தின் ஆறாவது நரம்பு, நடுவிரல் மரத்தால் ஏழாவது, சுண்டுவிரல் மரத்தால் எட்டாவது என்று பெரும்பாலும் கணக்கு. இவருக்கு நடுவிரல் மரத்திருந்தது, முழங்கையை நீட்டும் பலமும் சற்றுக் குறைந்திருந்தது. மூட்டை தூக்குவதை நிறுத்தி, மருந்தும் பயிற்சியும் தந்து, வாரம் ஒருமுறை பலத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். இத்தகையவர்களில் பெரும்பாலோர் அறுவைச் சிகிச்சை இல்லாமலே சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். இவரும் தேறினார். இரண்டு கைகளும் தடுமாறி, சட்டைப் பொத்தான் போட வராமல், நடையும் தள்ளாடினால் மட்டும் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. அப்போது நெரிபடுவது தண்டுவடம்.

அந்தப் பெண் இப்போதும் கணவர் தலையில் கை வைத்தால் தட்டிவிடுகிறாராம். அது வேறு காரணத்துக்காக.

தோளில் வலிக்கிறது என்றாலே கோளாறு தோளில்தான் என்று நினைத்துவிடுகிறோம். அதற்கு நேர்மாறான சாட்சி ராஜகிரியே தருகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை மராத்தியப் போர்க்கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்ததிலிருந்து வெளியூர்க்காரர்களைக் கூடுதலாகப் பார்க்கிறோம். சுமார் 800 அடி உயரம், வெயில், படிகள். ஒரு நாள் சென்னையிலிருந்து வந்த ஒருவர், ஏறும்போது இடத்தோளும் கையும் வலிக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது, பையைச் சுமந்ததால் இருக்கும், ஒரு வலி ஊசி போதும் என்று கேட்டு வந்தார். தோளை எந்தப் பக்கம் அசைத்தாலும் நோவு இல்லை. அசைத்தால் வலிக்காமல், நடந்தால் வலிக்கிற தோள் தோளே அல்ல. ஈசிஜி எடுத்து, 108 வண்டியில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இருதயத்தின் வலி நரம்புகளும் இடக்கையின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே வாசலில் நுழைவதால், மூளை அந்த இருதய வலியைக் கையின் வலி என்று எடுத்துக்கொள்கிறது.

வலத்தோளுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கல்லீரலில் சீழ்க்கட்டி வந்தாலோ பித்தப்பை அழன்றாலோ வலத்தோளின் நுனியில் வலிக்கலாம். கருவில் உதரவிதானம் முதலில் கழுத்துப் பக்கத்தில் உருவாகிப் பின்பு கீழே இறங்குகிறதாம். இறங்கும்போது தன் நரம்பையும் கழுத்திலிருந்தே இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் உதரவிதானத்துக்குக் கீழே தீப்பிடித்தால் தோளில் மணி அடிக்கிறது. காய்ச்சலும் விலாவில் நோவும் சேர்ந்த வலத்தோள் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு வாலிபனை எங்களுக்குத் தெரியும். கள்ளுக்கும் சாராயத்துக்கும் பழகினவன். கல்லீரல் கட்டியிலிருந்து சீழை எடுத்ததும் தோள் வலி அன்றே நின்றது.

இன்னொரு வலியை இந்த ஜில்லாவில் மறக்கவே கூடாது. முழங்கையின் உட்பக்கத்தில் சுரீரென்று வலி, சுண்டுவிரலில் மதமதப்பு, எங்காவது தோலில் வெளுத்த, உணர்ச்சியில்லாத ஒரு தேமல். தொழுநோயை ஒழித்துவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். தேசிய அளவில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை 2005இல் எட்டினோம் என்பது மெய். ஆனாலும் இந்தியாவில் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். கொல்லிமலையில் 1914இல் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூருக்கு வந்தபின், இந்தக் கைகளைப் படிக்கத் தொடங்கினார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில், விரல்கள் மடங்கிப்போன ஒருவரோடு கைகுலுக்கியபோது அந்தப் பிடியின் பலத்தைக் கண்டு திகைத்தார். அப்படியானால் கை முழுவதும் அழிந்துவிடவில்லை, சில நரம்புகள் மட்டுமே கெட்டிருக்கின்றன. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டில் என்று தோலுக்கு அருகிலுள்ள குளிர்ச்சியான இடங்களில்தான் நரம்பு வீங்குகிறது என்பதைப் பின்னர் கண்டார்கள். அந்த வீக்கத்தின் வலியோடு வருகிறவருக்கு உரிய காலத்தில், அதாவது பலம் குறையத் தொடங்கி ஆறு மாதத்துக்குள், பிரட்னிசலோன் மாத்திரை தந்தால் நரம்பு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தாமதித்தால் வலி தானே நின்றுவிடும். "நோவு போயிடிச்சி" என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். போனது நோவல்ல, நரம்பு. அடுத்த முறை அடுப்பில் சுட்டாலும் அந்தக் கைக்குத் தெரியாது.

நாங்கள் தவறவிட்ட ஒருவர்

மேலே சொல்லுகிறோம் என்று வாக்களித்ததை எழுதாமல் முடிக்க மனச்சாட்சி விடவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரித் தோட்டத்துக்கு வண்டியில் மண் அடித்துவந்த பெரியவர் ஒருவர் இருந்தார். வயது 60ஐத் தாண்டியிருக்கும். மாட்டை அவிழ்த்து வேப்பமரத்தடியில் கட்டிவிட்டு ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு எங்களோடு பேசுவார். இடது தோள்பட்டைக்குப் பின்னால் வலி என்றார். கையின் உட்பக்கமாக இறங்கிச் சுண்டுவிரலுக்குப் போகிறது, பகலைவிட இராத்திரி அதிகம் என்றார். இப்போது எழுதும்போது இந்த ஒவ்வொரு வார்த்தையும் எங்களைக் குத்துகிறது. அப்போது நாங்கள் சொன்னது, "வண்டி ஓட்டுற தோள்தானே பெரியவரே, வயசாச்சு" என்பதுதான். எங்கள் தைலப் புட்டியையே எடுத்துக் கொடுத்தோம். ஜெபித்தும் அனுப்பினோம். அவரும் வெளிநோயாளர் வரிசையில் இரண்டு தரம் நின்று வலி மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். அங்கும் யாரும் தோளுக்கு அப்பால் பார்க்கவில்லை. ஐந்து மாதம் இப்படியே போயிற்று.

ஒருநாள் நர்ஸ் ஒருவர், "தாத்தா, ஒரு கண்ணு மட்டும் ஏன் சொக்கிப்போய் இருக்குது?" என்று கேட்டார். இடக்கண்ணின் இமை சற்று இறங்கியிருந்தது, அந்தக் கண்ணின் பாப்பாவும் சிறுத்திருந்தது. அன்றைக்கே மார்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது நுரையீரலின் உச்சியில், காறை எலும்புக்குப் பின்னால், ஒரு வெள்ளை நிழல் இருந்தது.

நுரையீரலின் உச்சி தோளுக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கே புற்று வளர்ந்தால் மூச்சுத்திணறலோ இருமலோ வருவதற்கு முன்பே, பக்கத்தில் ஓடும் கை நரம்புகளைப் பிடித்துவிடும். பிலடெல்பியாவில் எக்ஸ்ரே நிபுணராக இருந்த ஹென்றி பான்கோஸ்ட் 1924இலும் 1932இலும் இதை விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. நூறு வருஷமாகப் புத்தகத்தில் இருக்கிற ஒன்றை வேப்பமரத்தடியில் ஐந்து மாதம் தைலத்தால் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

பெரியவரைப் புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பினோம். நோய் பரவிவிட்டிருந்தது. வலிக்குக் கதிர்வீச்சு தந்தார்கள், மார்பின் மாத்திரை தந்தார்கள். அந்த மாத்திரை வந்த அன்று இராத்திரி, பல மாதங்களுக்குப் பிறகு, விடியும்வரை தூங்கினார். பங்குனியில் இறந்துபோனார். கடைசி வாரத்தில் நாங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்க என்னா பண்ணுவீங்க சாமி, தோளுன்னு நாந்தான சொன்னேன்" என்றார். எங்களுக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை.

ஐந்து மாதம் முன்பே கண்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது வேறு. ஐந்து மாதம் முன்பே தூங்கியிருப்பார். அதன்பின் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள், பிடித்து விட்டவர்கள், தோளிலோ கையிலோ வலியென்று சில வாரமாக அலைந்தால், தோளோடு மார்புக்கும் ஒரு படம். இராத்திரியில் கூடும் வலி, எடை குறைதல், காய்ச்சல், கை பலம் குறைதல் இவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் சீட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுகிறார்கள். அந்தச் சீட்டு வரிசையில் முன்னே போகும்.

உறைந்த தோளுக்குத் திரும்புவோம்; வராந்தாவில் உட்கார்ந்திருப்போரில் அநேகர் அவர்கள்தான். முதல் சில மாதங்களில் நோவு மிஞ்சியிருக்கும். அப்போது மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பலருக்கு இராத்திரித் தூக்கம் திரும்பும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த ஊசியால் சில நாள் சர்க்கரை ஏறும், அதைச் சொல்லியே போடுகிறார்கள். முறுக்கி இழுப்பது கூடாது. முன்னே குனிந்து, கிணற்றில் இறங்கும் வாளி போலக் கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்ட வேண்டும். ராட்டினத்தில் கயிறு போட்டு நல்ல கையால் நோகிற கையை இழுத்துத் தூக்க வேண்டும். பழைய கிணற்று ராட்டினம் இன்னும் பல வீடுகளில் கிடக்கிறது. அதற்கு வேலை வந்துவிட்டது. சட்டையோ ரவிக்கையோ போடும்போது நோகிற கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். அங்கிக்கும் இதுதான் சட்டம். இதை யாராவது முதல் மாதத்திலேயே சொல்லியிருக்கலாம். இராத்திரி கைக்கு அடியில் ஒரு சிறு தலையணை. இவ்வளவும் செய்து ஒரு மாதத்தில் ஒரு விரற்கடை முன்னேறினால் அதுவே அதிகம் என்று பொறுத்திருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நடமாட முடியாதவர்களுக்கு உடற்பயிற்சி தருகிறவரும் வருகிறார் என்பது பெரிய ஒத்தாசை.

எங்கள் பிசியோதெரபி அறையின் சுவரில் தரையிலிருந்து மேலே கோடுகள் போட்டிருக்கிறது. சுவரை ஒட்டி நின்று, இரண்டு விரல்களை எறும்பு போல மேலே நடத்திக்கொண்டு போய், நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு குறி இட வேண்டும். எங்கள் குறிகளும் அங்கே உண்டு. பதினான்கு மாதத்தில் ஆசீர்வாதக் கை பழைய உயரத்துக்கு வந்தது, இரண்டு விரற்கடை குறைவு.

அந்த அம்மா வீட்டுச் சுவரிலேயே அடுப்புக்கரியால் குறி போட்டுவந்தார். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, அந்த ஒரு முழ அகலத்தை மட்டும் அடிக்காமல் விடச் சொன்னாராம். மகன் கேலி செய்தானாம். சித்திரையில் மறுபரிசோதனைக்கு வந்தபோது சர்க்கரை 148 இருந்தது. கை இன்னும் முழுக்க வரவில்லை, தலைக்குப் பின்னால் போகும்போது முகம் சுளிக்கிறார். கொண்டை சற்றுக் கோணலாக, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "இன்னிக்கு மருமவ போடல ஐயா" என்றார்.